கணினி வாசிக்காத வரிகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று எங்கள் பாடசாலையில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஹாலிஎலயிலிருந்து மேலே ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில், ஆறு பழைய கணினிகளை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் செய்நிரல் என்கிற கணினிக் கட்டளைகளை எழுதச் சொல்லிக்கொடுக்கிறவள் இளித்துக்கொண்டா இருப்பாள்?

ஜூன் மாதம் ஒரு கடிதம் வந்தது. செய்நிரல் சான்றிதழ்ப் பரீட்சை இனிமேல் தாளில் இல்லையாம். பிள்ளைகள் கணினி முன்னால் உட்கார்ந்து, அதிலேயே எழுதி, அதிலேயே ஓட்டிக் காட்ட வேண்டுமாம். பட்டியலில் உள்ளபடி தயாராகிற பாடசாலையிலேயே பரீட்சை நடத்தலாம், இல்லாவிட்டால் பிள்ளைகள் பதுளைக்குப் போக வேண்டும். பரீட்சை எட்டரைக்கு. எங்கள் தோட்டத்து முதல் பஸ் பதுளைக்குப் போய்ச் சேரவே ஒன்பதாகிவிடும். கடிதம் எழுதினவருக்கு அதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

எங்கள் பாடசாலை அதிபர் இரகுநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். பட்டியலை இரண்டு தரம் வாசித்தார். பிறகு நான்காக மடித்து என் கையில் வைத்தார். “ரீச்சர், இனி இது உங்கட பாடு” என்றார். அவ்வளவுதான், என் தலையில் கட்டியாகிவிட்டது.

பட்டியல் மூன்று பக்கம். ஆளுக்கொரு கணினி, மேலதிகமாக இரண்டு. ஒருவரின் திரை மற்றவருக்குத் தெரியக் கூடாது. இணையம் துண்டிக்கப்பட வேண்டும். மின்சாரம் போனாலும் அரை மணி நேரம் கணினி ஓட வேண்டும். மண்டபத்தில் பேச்சு மூச்சு இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அதிகாரி ஒருவர் முன்னிலையில் ஒரு முன்னோட்டப் பரீட்சை.

வலயக் கல்வி அலுவலகத்துக்கு நான் எடுத்த தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்கில்லை. தொல்லை தாங்காமல்தான் எட்டு மடிக்கணினிகளை லொறியில் ஏற்றி அனுப்பினார்கள் என்று நினைக்கிறேன். மின்சாரம்தான் பெரிய தலைவலி. பத்தரை மணிக்குத் தேயிலைக் கொழுந்து வந்து இறங்கி, அதை வாட்டத் தொழிற்சாலைக்காரர்கள் காற்றாடிகளைப் போட்டதும் எங்கள் விளக்குகள் மங்கிவிடும். அதற்காக ஒவ்வொரு மேசைக்கும் கீழே ஒரு யூ.பி.எஸ் பெட்டி வாங்கி வைத்தோம். திரைகளுக்கு நடுவே வைக்கிற மறைப்புகளைக் காவலாளி வீரய்யா செய்தார், கூட்டுறவுக் கடையிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் பெட்டி அட்டைகளில். பிஸ்கட் படம் பிள்ளைகளின் பக்கம் இருந்தால் பசிக்காதா என்று சத்தம் போட்டேன். பாவம், மறு பேச்சில்லாமல் அத்தனையையும் வெளிப்பக்கம் திருப்பி ஒட்டினார்.

இவ்வளவையும் சரிபார்த்தவளுக்கு, தான் சொல்லிக்கொடுத்த முறையைச் சரிபார்க்கத் தோன்றவில்லை.

ஆறு கணினி, பன்னிரண்டு பிள்ளைகள் என்றால் என்ன செய்வது? இரண்டு பேருக்கு ஒன்று. ஒருத்தி யோசித்துச் சொல்ல வேண்டும், மற்றவள் தட்ட வேண்டும். சொல்கிறவளுக்கு வாய் என்றும் தட்டுகிறவளுக்குக் கை என்றும் பெயர் வைத்ததே நான்தான். வருகிற அதிகாரிகளிடமெல்லாம் இந்த முறையைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வேன். மடிக்கணினிகள் வந்த பிறகும் அதை நான் மாற்றவில்லை. அதிலும் என் கெட்டிக்கார வாய் ஜீவராணி. கண்ணை மூடிக்கொண்டு முழுச் செய்நிரலையும் கடகடவென்று சொல்லுவாள். அவளுடைய கை றுஷ்தா, ஹாலிஎலக் கடைத்தெருவிலிருந்து வருகிற பிள்ளை, வாயே திறக்க மாட்டாள். இரண்டு வருடமும் பாராட்டெல்லாம் ஜீவராணிக்குத்தான் போனது.

அந்தப் பாராட்டை நம்பித்தான் ஜீவராணியும் இருந்தாள். பரீட்சையில் சித்தியடைந்தால் பதுளையில் ஒரு வருடக் கணினிப் பாடநெறிக்கு இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் தீபாவளிக்கு வருகிற மாமா அவளைக் கொழும்புத் துணிக்கடைக்குக் கூட்டிப் போய்விடுவார். அவளுடைய அம்மா பெரியாயி இதில் வளவளவென்று பேசவில்லை. “பாஸாயிட்டா படிக்கட்டும் டீச்சர், இல்லாட்டி மாமன்கூடப் போகட்டும்” என்று கொழுந்துக் கூடையோடு நின்றே சொல்லிவிட்டுப் போனார்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது முன்னோட்டம். கிஷாந்தன் என்ற இளம் அதிகாரி பதுளையிலிருந்து வந்தார். கணினிகளைப் பார்த்தார், யூ.பி.எஸ் பெட்டிகளைப் பார்த்தார், அட்டைகளைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரி. பிள்ளைகள் தனித்தனியே உட்கார்ந்தார்கள். பத்துப் பிள்ளைகளின் உயரத்தைக் கேட்டு வாங்கி, சராசரியைச் சொல்கிற செய்நிரல் ஒன்று எழுத வேண்டும். ஜீவராணிக்கு அது சுண்டைக்காய் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கைகள் மடியில் கிடந்தன. உதடு மட்டும் அசைந்தது. சத்தம் கூடாது என்று கிஷாந்தன் சொன்னதும் அதுவும் நின்றுவிட்டது. அரை மணி நேரம் அப்படியே இருந்தாள். பிறகு ஒரு விரலால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டத் தொடங்கினாள்.

நேரம் முடிந்ததும் கிஷாந்தன் அவளுடைய செய்நிரலை ஓட்டினார். அது உயரம் கேட்டது, கொடுத்தார். பத்துப் பேருடையதைக் கொடுத்த பிறகும் கேட்டது. பத்தொன்பதாவது உயரத்தோடு அவர் கையை எடுத்துக்கொண்டார். விட்டால் பதுளை மாவட்டம் முழுவதையும் அளந்துகொண்டு வரச் சொல்லும் போலிருந்தது. பிறகு செய்நிரலை மேலிருந்து வாசித்தவர் என்னைக் கூப்பிட்டார்.

வேலி மாதிரி இருக்கிற # குறியை ஒரு வரியின் முன்னால் போட்டால் கணினி அந்த வரியை வாசிக்காது. மனிதர்கள் வாசித்து விளங்கிக்கொள்வதற்காக எழுதுகிற குறிப்பு அது. ஜீவராணி ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே அப்படி ஒரு வரி எழுதியிருந்தாள், ஆங்கில எழுத்துகளைக் கொண்டு தமிழில்.

# றுஷ்தா, மொதல்ல எண்ணிக்கைய பூச்சியமாக்கு.

# றுஷ்தா, இப்ப உயரத்த கேளு.

# றுஷ்தா, எல்லாத்தையும் கூட்டிக்கிட்டே வா.

ஒவ்வொன்றுக்கும் கீழே, றுஷ்தா தட்டியிருக்க வேண்டியதை அவளே தட்டியிருந்தாள்.

“ஆர் ரீச்சர் இந்த றுஷ்தா?” என்று கேட்டார். பக்கத்து மேசைப் பிள்ளை என்றேன். அவர் கோபப்படவில்லை. உண்மையான பரீட்சையில் இப்படி இன்னொருவரின் பெயர் இருந்தால், மேற்பார்வையாளர் அறிக்கை எழுதுவார் என்றும் இரண்டு பேரின் விடைகளும் இரத்தாகும் என்றும் விளக்கினார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “பரீட்சை மண்டபத்துக்குள்ள ஒருத்தருக்கும் பேர் இல்லை, பிள்ளையள். சுட்டெண், அந்தப் பரீட்சை நம்பர் மட்டும்தான்.” பாடசாலைக்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அனுமதி கிடைத்த சந்தோஷம் எனக்குத் துளியும் இல்லை. ஜீவராணியை எல்லோர் முன்னாலும் வைத்து ஏசினேன். றுஷ்தாவைக் கூப்பிட்டுச் சொல்லாவிட்டால் அடுத்த வரி மனதில் வரவே மாட்டேன் என்கிறது டீச்சர் என்றாள். அப்படியென்றால் துணிக்கடைக்குப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிரு என்றேன். அதைச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

எல்லோரும் போன பிறகு றுஷ்தா மட்டும் கதவடியில் நின்றாள். ஜீவராணியின் செய்நிரல் ஏன் நிற்கவில்லை தெரியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியும், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டுகிற வரி இல்லை. ஆனால் இத்தனை நாளும் விடாத பிழையை இன்றைக்கு ஏன் விட்டாள் என்றுதான் விளங்கவில்லை.

“இன்னைக்கு இல்ல டீச்சர். எப்பவும் அத மறந்துருவா. நான் சொல்லாம போட்டுருவேன்.”

இரண்டு வருடம். ஒவ்வொரு தடவையும். பாராட்டு வாங்கினவளுக்குத் தன் ஓட்டை தெரியாது, அடைத்துக்கொண்டிருந்தவளை நான் கை என்று கூப்பிட்டிருக்கிறேன். கோபப்பட வேண்டிய ஆள் யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாளே மாற்றினேன். றுஷ்தா சொல்ல வேண்டும், ஜீவராணி தட்ட வேண்டும். விஷயம் தெரிந்து ஜீவராணி இரண்டு நாள் றுஷ்தாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன்டி என்கிட்ட சொல்லல என்று மூன்றாம் நாள் கேட்டாள். நீ எங்க கேட்ட என்றாள் றுஷ்தா. அதோடு சண்டை முடிந்தது. இரண்டாவது வாரம் ஜீவராணியின் விரல்கள் எழுத்துகளைத் தேடுவதை விட்டிருந்தன. ஒன்றைக் கூட்டுகிற வரியை றுஷ்தா சொல்வதற்கு முன்னாலேயே தட்டினாள்.

கடைசி வாரம் தனித்தனியாக உட்கார வைத்தேன். பெயர் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். றுஷ்தாவுக்குப் பிரச்சினை இருக்கவில்லை. ஜீவராணி சில நாள் எழுதினாள், சில நாள் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்கு முதல் நாளும் அப்படித்தான் இருந்தாள். எனக்கு ஏசவும் மனம் வரவில்லை.

பரீட்சையன்று சொந்த ஆசிரியர் மண்டபத்துக்குள் போகக் கூடாது. மேற்பார்வையாளர் வேறு பாடசாலையிலிருந்து வந்தார். நான் வெளியே விறாந்தையில் நின்றேன். யன்னல் வழியாகப் பிள்ளைகளின் முகத்தையாவது பார்க்கலாம் என்றால், கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பிஸ்கட் படங்கள்தான். வீரய்யா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பத்தரைக்குத் தொழிற்சாலைக் காற்றாடிகள் சுழன்றன. விளக்கு மங்கியது. பதினான்கு யூ.பி.எஸ் பெட்டிகளும் கீச்சிட்டன. கணினி ஒன்றுகூட நிற்கவில்லை. பிறகு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதில் அவளுடையது இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

பதினொன்றுக்குக் கதவு திறந்தது. ஜீவராணி வெளியே வந்ததும் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனேன்.

“பேரு எழுதுனியா?”

இல்லை என்று தலையாட்டினாள். “நம்பர எழுதுனேன் டீச்சர்.”

றுஷ்தாவின் சுட்டெண் நானூற்று எட்டு. “யாரோட நம்பர?” என்று கேட்டேன்.

“என்னோடதுதான். அந்த சார் சொன்னாரே, உள்ள யாருக்கும் பேரு இல்ல, நம்பர்தான்னு. ஏழு நாள் மழைய வாங்கிச் சராசரி சொல்லணும்னு வந்துச்சு. நானூத்தி ஏழு, மழைய கேளுன்னு எழுதுனேன். கேட்டா. நானூத்தி ஏழு, மறக்காம ஒண்ணு கூட்டுன்னு எழுதுனேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “அவளே கூட்டிட்டா டீச்சர். ஏழாவது நாளோட நின்னுருச்சு.”

மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டு நின்றார், அதிபர் பார்த்துக்கொண்டு நின்றார். இருந்தும் அந்த விறாந்தையில் வைத்து நான் அழுதேன்.