ஒரு தக்காளிப் போத்தலுக்கு நாலரை நாடுகள்

1

சுவிஸிலுள்ள திரிம்பாக் கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலுடன் குளிரில் நின்று சத்தியம் செய்கிறேன்: இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. காற்புள்ளிகள் மட்டும் என்னுடையவை. அவற்றிலும் இரண்டு மூன்று உண்மையாக இருக்கக்கூடும்.

கதை கிடைத்த இடத்தையும் ஒளிக்கப் போவதில்லை. அதே கோயிலில், அன்னதான வரிசையில், எனக்கு முன்னால் நின்றவர் உருத்திரமூர்த்தி. அறுபத்திரண்டு வயது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குசினியில் முப்பது வருடமாக வேலை. வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. சோற்றுக்குப் போய்ச் சேருவதற்குள் அவர் ஒரு பேரரசைக் கலைத்துப் பதினைந்து நாடுகளாக்கிவிட்டார். பாயசத்தின்போது அவற்றில் நாலரை நாடுகளை மறுபடி ஒன்றாக்கினார். எழுதுகிறவன் ஒருவனுக்கு முன்னால் நின்று இப்படிக் கதைப்பது அவருடைய பிழை; என்னுடையதல்ல.

2

தொடக்கங்கள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் ஆண்டு டிசம்பரில், ஒரு செங்கொடி கடைசித் தடவையாக…" வேண்டாம். கொடி இறங்குவதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். கொடிக்கே அலுத்திருக்கும்.

"தினீஸ்தர் ஆற்றில் பனிக்கட்டிகள் ஒன்றையொன்று முட்டி…" உருத்திரமூர்த்தி பனிக்கட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சத்தியம் செய்திருக்கிறேன்.

மூன்றாவது, வாக்குச்சீட்டு உறை. இது நிற்கும் போலிருக்கிறது.

சோலோதுர்னுக்கும் ஒல்ட்டனுக்கும் நடுவிலுள்ள ஒரு சிறிய ஊரில் (பெயர் எழுதமாட்டேன், அங்கே எனக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள்) உருத்திரமூர்த்தி வீட்டுத் தபால்பெட்டிக்கு வருடத்தில் நாலு தடவை மூன்று சாம்பல்நிற உறைகள் வரும். ஒன்று மனைவி ஜெயகௌரிக்கு, மற்ற இரண்டும் மகள்மாருக்கு. மூவரும் சுவிஸ் பிரசைகள். பெட்டியின் திறப்பு அவரிடம்; உறை மட்டும் அவருக்கு இல்லை. அவர் உறைகளை மேலே கொண்டுபோய்க் கொடுப்பார். ஜெயகௌரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இதில் என்ன போடலாம் என்று அவரிடம் அபிப்பிராயம் கேட்பார், முழுவதையும் மரியாதையாகக் கேட்டு முடித்து, அதற்கு நேர் எதிராகப் புள்ளடி போடுவார். ஊர் நீச்சல்குளத்தைத் திருத்தத் தேவையில்லை என்று உருத்திரமூர்த்தி அரைமணி நேரம் விளக்கினார். குளம் இப்போது நல்ல நீலமாக இருக்கிறது.

"ஒருக்காவெண்டாலும் உனக்கு எதிராப் போடவேணும், கௌரி. அதுக்காவது எனக்குக் குடியுரிமை வேணும்."

"முதல்லை ரஷ்யாவைத் திருத்துங்கோ. பிறகு என்னைத் திருத்தலாம்."

3

ரஷ்யா என்பது என்ன என்று சொல்லவேண்டும்.

தொண்ணூற்றிரண்டில், அகதி விசாரணையில், எந்த வழியால் வந்தாய் என்று கேட்டபோது உருத்திரமூர்த்தி, பதினொரு மாதம் ரஷ்யாவில் நின்றேன் என்று சொன்னார். எங்கள் ஆட்களுக்கு அந்தக் காலத்தில் வியன்னாவுக்குக் கிழக்கே ரஷ்யா என்ற ஒரே ஊர்தான் இருந்தது. அது எங்கே முடிகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றிவிடும் ஏஜென்சிக்காரர்களும் சொன்னதில்லை. விசாரணை அதிகாரி எழுதினார்: ரஷ்யா. ஊரின் பெயரையும் எழுதினார்.

இருபத்தைந்து வருடம் கழித்து அவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். எந்த நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தாலும் அந்த நாட்டிலிருந்து ஒரு நற்சான்றுக் கடிதம் வேண்டும் என்றது ஊர்க்குழு. (வேறு ஊர்களில் இப்படிக் கேட்பதில்லை என்று வாசகர் சொல்லக்கூடும். வாசகர் வேறு ஊரில் இருக்கிறார்.) கடிதம் போட்டார்கள். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: அப்படி ஓர் ஊர் எங்கள் நாட்டில் கிடையாது. கோப்பை மூடிவிட்டார்கள்.

இப்போது இரண்டாம் தடவை. இதுவும் தவறினால் அந்த ஊரின் விதிப்படி மூன்றாம் தடவை கிடையாது. சாகும்வரை உறைகளைக் காவிக்கொண்டு படியேற வேண்டியதுதான்.

4

ஒரு மாசிமாதப் பின்னேரம், ஊர்மண்டபத்தில் நீளமேசை. குழுவில் ஐந்து பேர். அவர்களில் இருவரைத் தெரிந்துகொண்டால் போதும்: தலைவி திருமதி பூட்டிக்கர், மரத்தளபாடக் கடைக்காரி, எதையும் நேரத்துக்கு முடிப்பவர்; மற்றவர் திரு ஃப்ளூரி, இளைப்பாறிய புவியியல் வாத்தியார்.

(எல்லாம் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், நடந்தது. நான் தமிழில் எழுதுவதால் இனி ஃப்ளூரி வாத்தியார் யாழ்ப்பாணத்து ஆள்போலக் கதைப்பார். அவரிடம் அனுமதி வாங்கவில்லை.)

நாடு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தலைவி கேட்டார். உருத்திரமூர்த்தி கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

"நான் அசையேல்லை, அம்மா. நாடுகள்தான் அசைஞ்சது."

பிறகு விளக்கினார். அவர் போய்ச் சேர்ந்தபோது அந்த ஊர் சோவியத் ஒன்றியத்தில் இருந்தது. ஓகஸ்ட்டில் மொல்டோவா தனிநாடு என்றார்கள். டிசம்பரில் ஒன்றியமே இல்லை என்றார்கள். தினீஸ்தர் ஆற்றின் இடதுகரைக்காரர் அதற்கு முன்பே நாங்கள் வேறு நாடு என்று சொல்லிவிட்டிருந்தார்கள். அதை உலகத்தில் ஒருவரும் ஏற்கவில்லை, ஆனால் சோதனைச்சாவடி நிசமானது. இவ்வளவும் நடந்தபோது அவர் ஒரே கட்டிலில்தான் படுத்திருந்தார்.

அந்தக் கட்டில் ஒரு தக்காளித் தொழிற்சாலையின் விடுதியில் இருந்தது. தக்காளி வலதுகரையில் விளைந்தது. மின்சாரம் இடதுகரையிலிருந்து வந்தது. போத்தல் உக்ரைனில், மூடி பெலாரூசில், மூடிக்குள் இடும் இறப்பர் வளையம் லாத்வியாவில். திட்டம்போட்ட ஐயாமார், எந்தக் குடியரசும் தனியாக ஒரு போத்தல் தக்காளிகூடச் செய்யமுடியாதபடி கவனமாகப் பங்குபோட்டிருந்தார்கள். நாடுகள் சுதந்திரம் அடைந்த மறுவாரம் எல்லோரிடமும் கொடி இருந்தது. ஒருவரிடமும் மூடி இல்லை.

இந்த இடத்தில் ஃப்ளூரி வாத்தியார் பேனையை வைத்தார்.

"மின்நிலையம் எந்தக் கரையிலை எண்டனீர்?"

"இடது, சேர்."

"எங்கை பாத்து நிண்டால் இடது?"

"தண்ணி போற பக்கம் பாத்து நிண்டால்."

வாத்தியார் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

5

இங்கே கதையை நிறுத்தி ஒரு சந்தேகத்தைச் சொல்லவேண்டும். முதல் பிரதியில் ஃப்ளூரியை வில்லனாக எழுதியிருந்தேன். மெல்லிய உதடு, குளிர்ந்த கண், இத்யாதி. மூன்று பக்கம் தாண்டியதும் அவர் என் சொல் கேட்கவில்லை. முப்பது வருடம் சோவியத் ஒன்றியத்தின் வரைபடத்தைக் கரும்பலகையில் தொங்கவிட்டுப் படிப்பித்தவர். ஒருநாள் காலையில் அது செல்லாது என்று கழற்றிச் சுருட்டவேண்டி வந்தவர். அதன் பிறகு என்ன நடந்தது என்று சொல்ல அவருக்கு ஓர் ஆளும் வாய்க்கவில்லை. அப்படிப்பட்டவரை வில்லனாக்க என்னால்—

விடுவோம். தொழிற்சாலைக்குப் போவோம்.

நிர்வாகி அழுதார். மின்சாரம் இல்லை, வளையம் இல்லை, தக்காளி மலைமலையாகக் கனிகிறது. உருத்திரமூர்த்திக்கு அழுகை விளங்கவில்லை. அவர் பொருளாதாரத் தடைக்குள்ளிருந்து வந்தவர். யாழ்ப்பாணத்தில் சயிக்கிளைக் கவிழ்த்துவைத்து, கையால் மிதியைச் சுற்றி, தைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டவர். ஓர் அரசாங்கம் காணாமற் போனால் முதலில் என்ன செய்யவேண்டும் என்று அந்தக் கண்டத்தில் தெரிந்திருந்த ஒரே மனிதர் அவர்தான்.

நாற்பது சயிக்கிள்களைக் கவிழ்த்தார். சுற்றுவதற்கு ஆள் பஞ்சமில்லை: வேலையிழந்த ஒரு கேணல், ஓர் ஒப்பேரா பாடகி, திட்டமிட்ட பொருளாதாரத்தில் இரண்டு பேராசிரியர்கள். மூடி அடைக்கும் இயந்திரம் ஓடியது. வளையத்துக்குச் சயிக்கிள் ரியூப்பை வெட்டினார். வளையம் கூடக்கூட மின்சாரம் குறைந்தது. இந்தச் சிக்கலைப் பேராசிரியர்கள் இருவரும் ஆறு நாள் விவாதித்தார்கள். ஏழாம் நாள் உருத்திரமூர்த்தி ரயர்களுக்குள் வைக்கோலை அடைத்தார்.*

* நிற்கிற சயிக்கிளுக்குக் காற்று எதற்கு என்று பேராசிரியர்கள் பிறகு ஒரு கட்டுரை எழுதினார்களாம். நான் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்காதது கட்டுரையின் குற்றம்.

மார்ச்சில் இரண்டு கரைக்கும் சண்டை தொடங்கியது. வலதுகரைக்காரர் இடதுகரையில் கால்வைத்தால் அந்த நாட்டை ஏற்றுக்கொண்டதாகிவிடும். இடதுகரைக்காரர் வலதுகரைக்கு வந்தால் அங்குள்ள தலைநகரம்தான் தங்களுக்கும் தலைநகரம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே பேச்சுவார்த்தை ஆற்று நடுவில், படகில். எந்த நாட்டின் கடுதாசியும் இல்லாத ஒரேயொரு ஆள் எல்லோருக்கும் பொதுவானவர் என்று ஒப்பந்தத்தை அவர் கையில் கொடுத்தார்கள். நாளுக்கு மூன்று மணி நேர மின்சாரம், பதிலுக்குத் தக்காளி. உக்ரைன்காரர் போத்தலோடு வந்து சேர்ந்தார்கள். பெலாரூஸ் மூடி அனுப்பியது. லாத்வியா, உங்கள் வளையம் எங்களதைவிட நல்லது என்று மாதிரி கேட்டு எழுதியது. தக்காளிப் படகு தாண்டும்வரை இரண்டு பக்கமும் சுடாமல் நின்றார்கள். தாண்டியதும், படகுக்குக் கையசைத்துவிட்டுத் தொடங்கினார்கள். அந்தப் பருவத்தில் எண்பதாயிரம் போத்தல்.

மேசையில் ஒருவரும் அசையவில்லை. திருமதி பூட்டிக்கர் மணிக்கூட்டைப் பார்க்க மறந்துபோனார்.

6

ஆனால் அவர் தலைவி. கடமை இருக்கிறது. நற்சான்றுக் கடிதம் இல்லாமல் எப்படி என்று கேட்டார்.

ஃப்ளூரி வாத்தியார் எழுந்தார். விண்ணப்பத்தை எடுத்து, ரஷ்யா என்ற சொல்லை அடிமட்டம் வைத்து நேராகக் குறுக்கே வெட்டினார்.

"ஆரிட்டைக் கடுதாசி கேக்கிறது? அந்த மாதங்களிலை அங்கை கெமைண்டே, ஊர்ச்சபை எண்டு ஒண்டு இருந்ததெண்டால் அது இவர்தான். இவரே இவருக்கு எழுதட்டும்."

உருத்திரமூர்த்தி அந்த இடத்திலேயே, ஊர்மண்டபக் கடுதாசியில், தன்னைப் பற்றி நாலு வரி எழுதினார். ஒழுக்கமானவர், உழைப்பாளி, அயலவருடன் சண்டை இல்லை. கையெழுத்து வைத்தார். வாத்தியார் அதை வாங்கி இரண்டு தடவை வாசித்து, முப்பது வருடத்தில் தான் பார்த்த முதல் சரியான ஆவணம் இது என்றார். யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். வெளியே வாங்கில் காத்திருந்த ஜெயகௌரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது, தன் கணவர் சுவரிலிருந்த ஐரோப்பிய வரைபடத்தின் முன் ஓர் அரசர்போல நிற்பதையும், ஒரு வாத்தியார் அவரிடம் கைகட்டிக் கேள்வி கேட்பதையும் கண்டார்.

"இஞ்சேருங்கோப்பா, முடிஞ்சுதோ?"

"இன்னும் கை தூக்கேல்லை. ஆனால் நீ இனிக் கவனமா இரு."

7

முடிவுகள் இரண்டு எழுதியிருந்தேன். ஒன்றில் அவர் தன் முதல் வாக்கை மனைவிக்கு எதிராகப் போட்டு வெல்கிறார். மற்றதில் உறையைத் திறந்து, ஜெயகௌரியிடம் அபிப்பிராயம் கேட்டு, அவர் சொன்னதற்கே புள்ளடி போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல்… இரண்டையும் கிழித்துவிட்டேன். இரண்டுக்கும் முன்னால் வாக்கெடுப்பு முடியவேண்டும்.

அந்த ஊரில் ஐந்து கையும் ஒன்றாக எழவேண்டும் என்பது விதி. வாத்தியாரின் கை முதலில் எழுந்தது. பிறகு திருமதி பூட்டிக்கருடையது. பிறகு இன்னும் இரண்டு. ஐந்தாவது ஆளை இதுவரை நான் வர்ணிக்காதது மறதியால் அல்ல. அந்தக் கதிரையில் இருப்பவர் நீங்கள்.

எல்லோரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். அவசரமில்லை. உங்கள் முன்னாலுள்ள கோப்பில், இதுவரை ஒருவரும் புரட்டாத கடைசித் தாள் ஒன்று உண்டு. சத்தியம் செய்தவன் அதையும் சொல்லத்தான் வேண்டும். அது உருத்திரமூர்த்தியின் பழைய கடவுச்சீட்டின் பிரதி. அதில் இரண்டே இரண்டு முத்திரைகள் இருக்கின்றன: கொழும்பு, புறப்பாடு, 14 ஜூலை 1992; சூரிச், வருகை, 15 ஜூலை 1992.