கணக்கில் விட்ட மடிப்பு

தெருவில் அவளுக்கு அங்குலம் என்று பெயர். ஜன்னல் திரை தைக்கும் கடை அவளுடையது. யாராவது வந்து "எங்க வீட்டு ஜன்னல் நாலடிங்க" என்றால் நம்ப மாட்டாள். டேப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போய், நாற்காலியில் ஏறி நின்று அளந்த பிறகுதான் கத்தரியைத் தொடுவாள். அப்படி அளந்ததில் எந்த நாலடி ஜன்னலும் நாலடியாக இருந்ததில்லை என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள். பட்டப்பெயர் வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதில் அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வருமான வரியையும் அவளேதான் போடுவாள். கடை திறந்த ஆறு வருடத்தில் எந்த ஆடிட்டரின் வாசற்படியையும் மிதித்ததில்லை. கெடு நெருங்கியதும் எட்டு நாள் கடைக் கதவில் பூட்டுத் தொங்கும். துணி வெட்டும் நீள மேசையில் ரசீதுகளை மாதவாரியாகப் பரப்பி, பறக்காமல் இருக்க ஒன்றின்மேல் கத்தரி, ஒன்றின்மேல் ஊசிப்பெட்டி என்று பாரம் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கூட்டுவாள். மின்விசிறிக்கும் அந்த எட்டு நாள் விடுமுறைதான். படிவத்தை அனுப்பிவிட்டு அவள் கதவைத் திறக்கும்போது முகத்தில் ஒரு ராஜ்யத்தைப் பிடித்த களை இருக்கும். வரி அலுவலகத்திலிருந்து இதுவரை ஒரு கேள்விகூட வந்ததில்லை. "என் கணக்கைப் பார்த்தா அவங்களுக்கே பயம்" என்பாள்.

இந்த வருடம் வம்பு ஒரு நல்ல செய்தியாக வந்தது. பெரிய சாலையில் புதிதாகத் திறக்கவிருக்கும் மருத்துவமனையின் மேலாளர் கடைக்கே வந்து, கட்டில்களுக்கு நடுவே தொங்கவிடத் தொண்ணூறு திரைகள் வேண்டும் என்றார். இருபது நாளில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அவர்களுடைய மற்ற மூன்று கிளைகளின் வேலையும் அவளுக்குத்தான். பாதிப் பணம் முன்பணம். நாளை சாயங்காலத்துக்குள் முடியுமா முடியாதா என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தெருக் கடையில் கேட்டுக்கொள்வார்.

அவர் படியிறங்கியதும் அங்குலம் நாள்காட்டியைப் பார்த்தாள். அந்த இருபது நாளின் நட்டநடுவில் வரிக்கான எட்டு நாளும் காலை நீட்டிப் படுத்திருந்தன.

கடையில் அவளோடு தைப்பவள் அவள் நாத்தனார், கணவனின் தங்கை. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம்.

"அண்ணி, இந்தத் தடவை கணக்கை ஒரு ஆடிட்டர்கிட்ட கொடுத்துடுங்களேன்."

"எதுக்கு? எனக்குக் கூட்டத் தெரியாதா?"

"எனக்கும்தான் முடி வெட்டத் தெரியும். அதுக்காக என் பின்னந்தலையை நானே வெட்டிக்கிறேனா?"

"ஆடிட்டர்னா சும்மாவா? தண்டத்துக்குக் காசைத் தூக்கிக் கொடுக்கச் சொல்றியா?"

"சரி, வருஷா வருஷம் எட்டு நாள் கடையை மூடறீங்களே, அதுல போற காசை உங்க நோட்டுல எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க?"

அங்குலத்துக்குச் சுருக்கென்றது. எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. சாக்குக் கட்டியை எடுத்து மேசை மேலேயே போட்டுப் பார்த்தாள். ஒரு நாள் வரும்படி, எட்டு நாள், ஆறு வருடம். வந்த தொகையைப் பார்த்ததும் உள்ளங்கையால் அழித்துவிட்டாள். அதற்குள் நாத்தனார் பார்த்துவிட்டாள். பார்த்ததோடு தன் மெஷினுக்குத் திரும்பினாள். அது கிழட்டு மெஷின். கனத்த மடிப்பு வந்தால் ஓடாது, சக்கரத்தைக் கையால் தள்ளித் தள்ளித் தைக்க வேண்டும். புதிதாக ஒன்று வாங்கலாம் என்று அவள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அங்குலமும் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலை அங்குலம் போன வருடத்து நோட்டையும் ரசீதுக் கட்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கணக்கை ஒப்படைக்கப் போகவில்லை. ஆடிட்டருக்குப் பரீட்சை வைக்கப் போனாள்.

மருந்துக் கடைக்கு மேல் முதல் மாடியில் ஆடிட்டரின் அறை. நாற்பது வயதுப் பெண், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அங்குலம் முதலில் பார்த்தது ஆளையல்ல, ஜன்னலை. திரை இரண்டு அங்குலம் குட்டை. இதைக்கூடப் பார்க்காதவள் என் கணக்கில் எதைப் பார்த்துவிடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"மேடம், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். எனக்கு ஆடிட்டர் தேவையான்னே எனக்குத் தெரியல. இது போன வருஷக் கணக்கு. இதுல ஒரு தப்பு கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சா இந்த வருஷ வேலை உங்களுக்கு. இல்லைன்னா நீங்க பார்த்த நேரத்துக்குக் காசு கொடுத்துட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

ஆடிட்டர் சிரிக்கவில்லை. அது அங்குலத்துக்குப் பிடித்தது. கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு இறங்கியது, நோட்டு திறந்தது. அரை மணி நேரம் பக்கம் புரளும் சத்தம்தான்.

"கூட்டல்ல ஒரு தப்புகூட இல்ல. என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் ரசீதைப் பையோட கொட்டிட்டுப் போவாங்க. இவ்வளவு சுத்தமான நோட்டை நான் பார்த்ததே இல்ல."

"அப்போ நான் கிளம்பறேன்" என்று அங்குலம் பையின் காதைப் பிடித்தாள்.

"இருங்க. ரசீதுல இருக்கற தொகை வேற, நோட்டுல ஏறியிருக்கறது வேற. வரவு பன்னிரண்டு மாசமும் கூடுதலா ஏறியிருக்கு. செலவு பன்னிரண்டு மாசமும் குறைச்சலா ஏறியிருக்கு. இது கை தவறி வந்த மாதிரி தெரியலையே."

"கை தவறவா? அது நானா விட்டது மேடம்" என்றாள் அங்குலம் பெருமையாக. "துணி வெட்டும்போது அளவுக்கு மேல நாலு விரல் விட்டுத்தான் வெட்டுவோம். குறைச்சு வெட்டிட்டா அப்புறம் யாராலயும் நீட்ட முடியாது. கூடுதலா இருந்தா உள்ளே மடிச்சுத் தைச்சுடலாம். கணக்குலயும் அப்படித்தான் விடுவேன். நாளைக்கு எவனும் வந்து, குறைச்சுக் காட்டினியான்னு என்னைக் கேட்டுடக் கூடாது பாருங்க."

ஆடிட்டர் நோட்டை மூடி வைத்தாள்.

"துணியில மடிச்சது எங்க இருக்கும்?"

"உள்ளேயேதான். துவைச்சுச் சுருங்கினா பிரிச்சு விட்டுக்கலாம்."

"இங்க மடிச்சது உங்ககிட்ட இல்லையே. வரியாப் போயிடுச்சே. அதுவும் இல்லாம, படிவத்துல உள்ளதை உள்ளபடிதான் எழுதணும். குறைச்சு எழுதறது தப்புன்னா கூட்டி எழுதறதும் தப்புதான். இதுவரைக்கும் உங்களை யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க; அதிகமாக் கொடுக்கறவங்களை யார் தேடி வருவாங்க?"

அங்குலம் பையைக் கீழே வைத்தாள். "எவ்வளவு இருக்கும்?" என்றாள்.

"ஆறு வருஷமும் இப்படித்தானா?"

"இப்படித்தான்."

ஆடிட்டர் கால்குலேட்டரைத் தட்டி அவள் பக்கம் திருப்பினாள். குத்துமதிப்புத்தான் என்றாலும் அந்தத் தொகை அங்குலத்துக்குத் தெரிந்த தொகை. இரண்டு வருடம் முன்னால் மெஷின் கடையில் விலை விசாரித்தபோது சொன்னது ஏறக்குறைய அவ்வளவுதான். சக்கரத்தைத் தள்ளித் தள்ளி, வேலை முடிந்ததும் வலது தோளை அமுக்கிவிட்டுக்கொண்டே வீட்டுக்குப் போகும் நாத்தனார் கண்முன் வந்தாள். அங்குலத்துக்கு வெட்கமாக இருந்தது. முகம் தெரியாத எவனோ ஒருவன் தன்னைத் திருடி என்று சொல்லிவிடக் கூடாது என்று பயந்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் தோளை இத்தனை நாள் வலிக்க விட்டிருக்கிறாள். தன்னைப்போல் கெட்டிக்காரி இந்தத் தெருவிலேயே இல்லை என்று வேறு நினைத்துக்கொண்டு.

"கடைசி ரெண்டு வருஷத்துக்குத் திருத்தம் போட்டுக் கேட்கலாம். வரும். அதுக்கு முன்னாடி போனது போனதுதான்" என்றாள் ஆடிட்டர்.

அங்குலம் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தபோது பழைய ஆள் திரும்பியிருந்தாள்.

"சரி மேடம். சொன்ன சொல்லு சொன்னதுதான், வேலை உங்களுக்கு. ஆனா நோட்டு நான்தான் எழுதுவேன். ரசீதை நானே அடுக்கிக் கொண்டுவருவேன். நீங்க சரிபார்த்துப் படிவம் போட்டா போதும். அதுக்கு என்ன கேக்கறீங்க?"

ஆடிட்டர் சொன்ன தொகை, மூடிய கடையின் மூன்று நாள் வரும்படிக்குக்கூட வரவில்லை. இருந்தாலும் பேரம் பேசாமல் விட்டால் அங்குலத்துக்குத் தூக்கம் வராது.

"பாதிக்கு உங்க ஜன்னலுக்குத் திரை தைச்சுத் தந்துடட்டுமா? அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண்ணு உறுத்துது."

"தாராளமா. ஆனா நீங்க எனக்கு பில் போடணும், நான் உங்களுக்கு பில் போடணும். ரெண்டு பேருக்கும் அது வருமானத்துல ஏறும்."

"அப்போ காசாவே வாங்கிக்கோங்க" என்றாள் அங்குலம். ஆனாலும் மனசு கேட்காமல் நாற்காலியில் ஏறி ஜன்னலை அளந்துவிட்டுத்தான் இறங்கினாள்.

படியிறங்கும்போதே மேலாளருக்குப் போன் போட்டு, தொண்ணூறும் முடியும் என்று சொல்லிவிட்டாள். கடைக்கு வந்து நாத்தனாரிடம் ஒன்றையும் மறைக்காமல் ஒப்பித்தாள். நாத்தனார் மெஷின் சக்கரத்தின்மேல் கையை வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"தப்புப் பண்ணிட்டேன்டி" என்றாள் அங்குலம்.

"அப்போ எனக்கு வர வேண்டிய புது மெஷின்ல இவ்வளவு நாளா வேற யாரோ உக்காந்து தைச்சிருக்காங்க" என்றாள் நாத்தனார். "நல்லாத் தைக்கறாங்களா அண்ணி?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அங்குலத்துக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

"அந்த ரெண்டு வருஷக் காசு வரும்போது வரட்டும். முன்பணம் கைக்கு வந்ததும் மெஷினை வாங்கிடுவோம். இந்தக் கிழத்தை வெச்சுக்கிட்டுத் தொண்ணூறு திரை ஆகாது."

அந்த வருடம் எட்டு நாளும் கடைக் கதவு திறந்தே இருந்தது. பழக்கப்பட்ட வாடிக்கைக்காரர் ஒருவர், பூட்டைக் காணோமே, வரியை ஒழித்துவிட்டார்களா என்று எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார். தொண்ணூறு திரைகளும் பத்தொன்பதாம் நாளே வண்டியேறின.

அடுத்த வாரம் ஆடிட்டரின் பில் வந்தது. அங்குலம் நோட்டில் செலவுப் பக்கத்தைத் திறந்து எழுதினாள். கை தன் பழக்கத்தில் ஐம்பதைக் குறைத்தது. நூல்கண்டு எடுக்க வந்த நாத்தனார் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி" என்றாள்.

அங்குலம் பில்லைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். பிறகு எழுதியதன் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள். ஆறு வருட நோட்டுகளில் அதுதான் முதல் அடித்தல். அதற்குப் பக்கத்தில், பில்லில் இருந்த தொகையைக் கடைசிக் காசு வரை அப்படியே எழுதினாள்.