இடது பக்கம் பேசவில்லை

தெருவில் அவரைப் பாம்புக்காது என்றுதான் சொல்வார்கள். எந்த ஆம்பிளிஃபயரைக் கொண்டுபோனாலும், மீட்டரைக் கையில் எடுக்கும் முன்பே ஹெட்போனில் வரும் இரைச்சலைக் கேட்டு இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் அவருக்குச் சோறு போட்டது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

அன்று காலை எழுந்தபோது இடது காது பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருந்தது. சளிதான் என்று மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தார். அடைப்பு அசையவில்லை. அவருடைய அண்ணனுக்கும் ஒரு காலையில் இப்படித்தான் ஆரம்பித்தது. சளி சளி என்றே ஒரு மாதத்தை ஓட்டினார். அந்தக் காது திரும்பவேயில்லை. அதை நினைத்ததும் இவர் மறுபடி மூக்கைப் பிடித்து ஊதினார். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

பத்து மணிக்கு நடனப் பள்ளி டீச்சர் ஆள் மூலமாக ஆம்பிளிஃபயரை அனுப்பிவைத்தார். விளக்கு எரிகிறது, சத்தம் துளியும் இல்லை என்று சீட்டில் எழுதியிருந்தது. கழற்றிப் பார்த்ததில், சத்தத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயின் முனைகள் கரி பிடித்துக் கிடந்தன. சுத்தமாகத் தேய்த்துத் துடைத்து, பாட்டைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

பாட்டு வந்தது. வலது பக்கம் மட்டும்.

இந்த மாதிரி நேரத்தில் வேலை தெரிந்தவன் முதலில் செய்வது ஒன்றுதான்: ஹெட்போனைத் திருப்பி மாட்டுவது. இப்போது வலது காதில் சத்தம் நின்றால் கோளாறு பெட்டியில். இடது காது அப்போதும் சும்மா இருந்தால் பெட்டியைக் குற்றம் சொல்ல முடியாது. எத்தனையோ ஆயிரம் தடவை யோசிக்காமல் செய்த காரியம். இன்று ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டார்.

பெட்டி நிஜமாகவே கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட மெக்கானிக்கை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ரிலேயை மறுபடி கழற்றித் தேய்த்தார். இடது போர்டிலும் வலது போர்டிலும் வோல்டேஜ் அளந்தார். இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் காட்டின. வேறு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இன்று மீட்டர் மேலேயே ஆத்திரம் வந்தது. இடது பக்கத்து டிரான்சிஸ்டர்தான் திருடன் என்று தானாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டு, பெட்டியை அணைக்கக்கூட மறந்து, புதியது வாங்கக் கிளம்பினார்.

வழியில் ஹாரன் அடித்தது. எந்தப் பக்கமென்று தெரியாமல் வலது பக்கம் திரும்பி நின்றார். ஸ்கூட்டர் இடது முழங்கையை உரசிக்கொண்டு போனது. வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று ஓட்டியவன் திட்டிவிட்டுப் போனான். எஞ்சின் சத்தமே அவருக்குக் கேட்டிருக்கவில்லை. கடைக்காரரிடம் டிரான்சிஸ்டரின் நம்பரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னார்.

திரும்பி வந்து, நல்லதைக் கழற்றிவிட்டு நல்லதை மாட்டினார். இடது பக்கம் பேசவில்லை. கரண்ட் ஓடும்போதே மறுபடி அளக்கப் போனார். அவசரத்தில் மீட்டர் ஒயரின் முனை வழுக்கி டிரான்சிஸ்டரின் இரண்டு கால்களுக்கு நடுவே விழுந்தது. பளிச்சென்று ஒரு பொறி, கருகல் வாடை. இடது போர்டின் ஃபியூஸ்கள் போய்விட்டன. வலது பக்கம் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

வெட்கக்கேடு என்னவென்றால், அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்போது பெட்டி உண்மையாகவே கெட்டுவிட்டதே. வாடைக்கு ஓடிவந்த மனைவியிடம், அப்போதே நினைத்தேன், இடது பக்கம் காலையிலிருந்தே செத்துக் கிடந்தது என்று சிரிக்கக்கூடச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. வலது பக்கமாக வந்து நின்றுகொண்டாள்.

"நீங்க கடைக்குப் போனப்ப அதை மாட்டிப் பாத்தேங்க. ரெண்டு காதுலயும் நல்லாத்தான் பாடிச்சு."

உனக்கு என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தார்.

"காலையிலேர்ந்து உங்க இடது பக்கம் நின்னு மூணு தடவ கூப்பிட்டேன். நீங்க திரும்பவே இல்ல."

ஹெட்போனை எடுத்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு திருப்பி மாட்டினார். பாடிக்கொண்டிருந்த பக்கம் இப்போது இடது காதின் மேல் இருந்தது. கருக்கிப்போட்ட பக்கம் கனத்த மெத்தையோடு வலது காதை இறுக மூடியிருந்தது.

எதுவும் கேட்கவில்லை. இந்தக் காதிலும் இல்லை, அந்தக் காதிலும் இல்லை. கண்ணைத் திறந்தார். மனைவியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. இனி மிச்சமிருக்கும் காதும் போனால் வீடு இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குப் புரிந்தது.

அவள்தான் ஹெட்போனைக் கழற்றினாள். செருப்பை எடுத்து வந்து அவர் காலடியில் போட்டாள். டாக்டர் இருப்பாரா, சாப்பிட்டுவிட்டுப் போகலாமா, நாளைக்குப் பார்க்கலாமா என்று அவர் எதுவும் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றார். "சீக்கிரம் கூட்டிட்டுப் போ."