கருவறைக்கு ஒரு காற்றாடி

மலேசியாவில், நியாலாஸ் ஊரில் எங்கள் மாரியம்மன் கோயிலைப் புதிதாகக் கட்டியபோது, கருவறைக்கு வேண்டிய கல் முழுவதையும் ஒரு தொழிற்சாலைக்காரர் சும்மா கொடுத்தார். நிலக்கரிச் சாம்பலில் செய்த கல். அவருக்கு மாலை போட்டோம். நானும்தான் கைதட்டினேன். என் கணவர் காந்தன் அங்கே பூசாரி.

என் தங்கை மகள் ஷாமினிக்குக் கதிர்வீச்சு அளக்கும் வேலை. தீபாவளிக்கு வந்தவள் கருவறையில் ஒரு சின்ன டப்பாவை வைத்தாள். சில மாதம் கழித்து அதைச் சோதித்துவிட்டு போன் செய்தாள்.

"பெரியம்மா, எல்லா சாம்பல் கல்லும் இப்படி இல்ல. இதுல ரேடியம் ஜாஸ்தி லா. அதுலேருந்து ரேடான்னு ஒரு கேஸ் வருது, வாசனையே இருக்காது. ஜன்னல் இருந்தா காத்தோட போயிரும். கருவறையில ஏது ஜன்னல்? வெளிய நின்னு கும்பிடுறவங்களுக்குப் பயமில்ல. பெரியப்பாதான் தினமும் உள்ளயே கெடக்குறாரு. வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரலுக்கு ஆபத்து."

கோயில் தலைவர் தங்கையாவிடம் ஓடினேன்.

"கருவறையில ஜன்னலா? கும்பாபிஷேகம் இப்பத்தானே முடிஞ்சிச்சி. சுவத்துல கை வைக்கவே முடியாதும்மா."

தன் ஆபீஸ் அறைக்கு ஏர்கான் மாட்ட அதே கோயில் சுவரில் ஓட்டை போட்டவர் இவர். சண்டை போட்டுத்தான், கருவறை வாசலுக்கு மேலே காற்றை வெளியே இழுக்கும் சின்னக் காற்றாடி ஒன்றை வாங்கி மாட்ட வைத்தேன்.

மறுநாளே அது நின்றிருந்தது. நிறுத்தியவர் என் கணவர்.

"வெளக்கு அணையுது, திலகா."

"ஒங்க நெஞ்சுக்கு ஒண்ணு வந்துச்சின்னா?"

"அம்மா பாத்துக்குவா."

அம்மாவையே இவர்தான் பார்த்துக்கொள்கிறார். இவரை யார் பார்ப்பது? எனக்கு அம்மன்மேலேயே கோபம் வந்தது. விளக்குக்குக் கண்ணாடிக் கூண்டு வாங்கிப் போட்டு, மறுபடி சுவிட்சைத் தட்டினேன்.

வெள்ளிக்கிழமை வேலாயி அக்கா வந்திருந்தார். மறுநாள் அவர் மகனுக்கு இருதய ஆபரேஷன். அவன் பேரில் அர்ச்சனை முடிந்து, என் கணவர் சூடத் தட்டை உயர்த்தினார். சூடம் அணைந்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி அணைந்தது.

"ஐயோ, எம்புள்ள!" என்று அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் காற்றாடியைப் பார்த்தார்கள், பிறகு என்னை.

நானே போய்ச் சுவிட்சை அணைத்தேன். சூடம் நிமிர்ந்து எரிந்தது. அக்கா அழுதுகொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்று அந்தப் பையனுக்காக என் கணவர் வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்து மந்திரம் சொன்னார். நான் அணைத்த சுவிட்சின் பக்கத்திலேயே நின்றேன்.