திரும்பி வந்த தண்ணீர்

ஐஸ்வர்யாவின் தண்ணீர் பாட்டில் காலையில் எப்படி வந்ததோ அப்படியே மாலையில் நாகலூர் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஏற்காட்டுக் குளிரில் எந்தக் குழந்தைக்குத் தாகம் எடுக்கும் என்று ஒன்றாம் வகுப்பு டீச்சர் சுஜாதாவும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

குழந்தையின் அம்மா மல்லிகாதான் ஒருநாள் வந்து கேட்டாள். "ஏனுங்க டீச்சர், ஊட்டுக்கு வந்ததும் ஒரு சொம்புத் தண்ணிய ஒரே மூச்சுல குடிக்கறா. இங்க மட்டும் ஏனுங்க தொடறதே இல்ல?"

சுஜாதா குழந்தையைத் தனியாக அழைத்து, இங்கிலீஷில் மட்டுமே பேச வேண்டும் என்ற பள்ளியின் சட்டத்தை மீறித் தமிழில் கேட்டாள்.

"தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வருமுங்க டீச்சர். இங்கிலீசுல கேக்கத் தெரியாதுங்களே."

இங்கிலீஷில் கேட்டால்தான் வெளியே விடுவேன் என்று ஜூன் மாதத்திலிருந்து கறாராக நின்றவள் சுஜாதாவேதான். பாழாய்ப்போன சட்டம்! அதைக் கட்டிக்கொண்டு அழுத என்னைச் சொல்ல வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவள் வகுப்பில் கணக்கும் கதையும் தமிழில் நடந்தன. அதுவரை வாயே திறக்காத பிள்ளைகள் கேள்வி கேட்டே அவளைத் துளைத்தெடுத்தார்கள்.

எல்லாம் மூன்றே நாள். தாளாளர் சந்திரசேகர் அவளைத் தூக்கிவிட்டு அந்த வகுப்புக்கு வேறு டீச்சரைப் போட்டார்; பழைய சட்டமும் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை மாலை பெற்றோர் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டால் வேலை இருக்கும்; இல்லையென்றால் சொந்த ஊரான சேலத்துக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

கூட்டத்தில் சுஜாதா எழுந்தாள். பள்ளி விட்ட பிள்ளைகளும் பையும் பாட்டிலுமாகப் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மன்னிப்பு புள்ளைங்ககிட்டக் கேக்கோணுமுங்க. கேட்டுட்டேன். இப்ப அவங்கவங்க புள்ள பாட்டிலத் தூக்கிப் பாருங்க."

"நொம்பக் குளிருது, யாரும்மா தண்ணி குடிப்பாங்க?" என்று சந்திரசேகர் சிரித்தார்.

"குளிரில்லீங்க, பயம். ஒண்ணுக்குப் போகோணும்னு இங்கிலீசுல கேக்கத் தெரியாம, தாகத்த அடக்கிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க."

பெற்றோர் ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்த்தார்கள். பாட்டில்கள் கனத்தன.

மல்லிகா மூடியைத் திருகி மகளிடம் நீட்டினாள். "குடி கண்ணு. அம்மா இருக்கேன்."

ஐஸ்வர்யா மடமடவென்று குடித்தாள். மற்ற மூடிகளும் திறந்தன. தாளாளர் ஒழுங்கு, தரம், எதிர்காலம் என்று ஏதேதோ பேசிக்கொண்டே போனார். நடுவில் ஐஸ்வர்யா எழுந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"டீச்சர், ஒண்ணுக்கு வருதுங்க."

"போயிட்டு வா சாமி," என்றாள் சுஜாதா, தாளாளரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஐஸ்வர்யாவின் பின்னாலேயே இன்னும் ஆறு பிள்ளைகள் எழுந்து போனார்கள்.