தண்ணீர் கலந்த பாலிஷ்

பல் டாக்டரம்மாவின் சாப்பாட்டு மேசை ஒரே காலைப்பொழுதில் வெளுத்துப்போனதற்கு முழுக் காரணம் நான்தான். லேசான வெளுப்பு இல்லை. எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த மேசை முழுக்க, பாலைக் கொட்டித் துடைக்காமல் விட்டதுபோல் ஒரு படலம். நல்ல கருஞ்சிவப்பு மரம். நானே அறுத்து, இழைத்து, மூலை சேர்த்தது. நானே கெடுத்ததில் ஒரு வசதி என்னவென்றால், திட்டுவதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

அப்போது எங்கள் பட்டறையில் இரண்டே பேர். மரத்தை அறுத்துச் சேர்ப்பது நான். அதற்குப் பாலிஷ் போட்டு, நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டும்படி ஆக்குவது அத்தான், என் அக்காவின் கணவர். டப்பாவில் வாங்கித் தடவுகிற பாலிஷ் இல்லை. ஸ்பிரிட்டில் அரக்கை ஊறவைத்துக் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து உருண்டையாக்கி, தொட்டுத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அத்தான் தேய்த்த மேசையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். சீவுகிற அளவுக்கு எனக்கும் அப்போது முடி இருந்தது. இன்றைக்கும் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறினால், எனக்கு அந்தத் தகரக்கூரைப் பட்டறையும், முடியும், அத்தான் குடியை விட்ட அந்த வருஷமும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

மறுவாழ்வு இல்லத்தில் தங்கியிருந்துவிட்டு அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள்தான் மேசை வெளுத்தது. வாசனை, பழகிய இடம், பழகிய நேரம் எல்லாவற்றிலும் கவனமாக இருக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள். நான் முந்தின நாளே பட்டறையைச் சுற்றிப் பார்த்தேன். மூலையில் டின் நிறைய ஸ்பிரிட். மண்டை ஓடு படம் போட்ட டின். குடித்தால் கண் போகும், ஆளும் போவான். குடி தலைக்கேறியிருந்த காலத்தில்கூட அத்தான் அதைத் தொட்டதில்லை. இருந்தாலும் வாசனை வாசனைதானே? ஆனால் ஸ்பிரிட் இல்லாமல் பாலிஷ் இல்லை, பாலிஷ் இல்லாமல் அத்தானுக்கு வேலை இல்லை.

யோசித்தேன். நான் யோசிக்க ஆரம்பித்தாலே பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்துகொள்வது நல்லது. கொஞ்சம் ஸ்பிரிட்டை ஒரு கேனில் எடுத்துக்கொண்டு, குறைந்த அளவுக்கு டின்னில் தண்ணீரை ஊற்றிவிட்டேன். வாசனையும் குறையும், டின்னும் நிறைந்திருக்கும்.

இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவரே அத்தான்தான். வீட்டில் குடித்த அளவுக்குப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்து, அப்படியேதான் இருக்கிறது பார் என்று அக்காவிடம் எத்தனை முறை காட்டியிருக்கிறார். அக்கா ஏமாறவில்லை. அரக்கும் ஏமாறவில்லை. ஈரம் பட்டால் அரக்குப் பாலிஷ் வெளுத்துவிடும் என்பது ஊரிலுள்ள பாலிஷ்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நான் பாலிஷ்காரன் இல்லை.

மறுநாள் காலை, மேசை வெளுத்ததும் அத்தான் துணி உருண்டையைக் கீழே வைத்தார். மேசையைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார். விரல்களை விரித்தார், மடக்கினார்.

"கை மறந்துடுச்சு மாப்ளே. அரக்கு கரையவே நேரமாச்சு. அப்பவே நினைச்சேன்."

"மரத்துல ஈரம் இருந்திருக்கும் அத்தான்."

"மரத்தைச் சொல்லாதே. வருஷக்கணக்கா ஊத்துனதுக்கு இது சும்மா விடுமா?" கையைத் தூக்கிக் காட்டினார். "நீ வேற ஆளைப் பாத்துக்கோ. நான் கிளம்பறேன்."

ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். பட்டறைக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இரண்டு மதுக்கடைகள். ஒன்றின் வாசலில் அவருக்கென்று ஒரு பெஞ்சே இருந்தது. கையே போச்சு என்று நினைத்துக்கொண்டு ஒரு மனுஷன் அந்த வழியாக நடந்தால் எங்கே போய் உட்காருவான் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை.

"டின்ல தண்ணி கலந்துட்டேன் அத்தான்."

"யாரு?"

"நான்தான்."

"எதுக்கு?"

"வாசனை கம்மியா இருக்கட்டும்னு."

அவர் முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று காத்திருந்தேன். பழைய அத்தானாக இருந்தால் உளி பறந்திருக்கும், பின்னாலேயே மன்னிப்பும் பறந்து வந்திருக்கும்.

"மாப்ளே, எனக்கு நல்லது பண்றதை நீ கொஞ்சம் நிறுத்திக்கக் கூடாதா?" என்று முடிச்சை மறுபடி இறுக்கினார். "எடுத்த ஸ்பிரிட் எங்கே?"

"என் கட்டிலுக்கு அடியில."

சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் என் மனைவி அந்தக் கேனை வைத்துக்கொண்டு நின்றாள். மூடியைத் திறந்து மோந்தும் பார்த்திருக்கிறாள்.

"அண்ணனைத் திருத்தப் போறேன்னு சொல்லிட்டு, நீங்க கேன்ல ஆரம்பிச்சுட்டீங்களா?"

"இது மேசைக்கு."

"எல்லாரும் முதல்ல மேசைக்குன்னுதான் ஆரம்பிக்கறாங்க."

விஷயத்தை விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அந்த மனுஷன் குடிச்சப்பகூட இப்படி ஒரு காரியம் பண்ணினதில்லை" என்றாள். நான் கேனை வாங்கி சைக்கிள் கேரியரில் கட்டினேன்.

திரும்பி வந்தபோது அத்தான் தண்ணீர் கலந்த டின்னை வெளியே வைத்துவிட்டு மேசையைத் துடைத்துத் தயாராக இருந்தார். சுத்தமான ஸ்பிரிட்டைத் தொட்டு, வெள்ளைப் படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்தார். பட்டறை முழுக்க வாசனை. நான் ஜன்னல்களைத் திறந்தேன். இருக்கிற ஜன்னல்கள் போதாமல் கதவையும் கழற்றிவிடலாமா என்று பார்த்தேன். அவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் முகத்தை உற்றுப் பார்த்தேன்.

"அத்தான், ஒண்ணும் பண்ணலையே?"

"உப்புத்தாளை எடு."

அந்த நாட்களில் எங்கள் குடும்பத்தில் கேள்விக்கும் பதிலுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அத்தான் எப்படி இருக்கார் என்று அக்காவிடம் கேட்டால், நீ சாப்பிட்டியா என்பாள். அத்தானிடம் கேட்டால், இருக்கேன்ல என்பார். இல்லத்து ஆலோசகரிடம் கேட்டால், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதம் என்பார். அது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மாடியில், பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, குடும்பத்துக்காரர்களுக்கென்று ஒரு கூட்டம் நடக்கும். அதற்கும் போனேன். அத்தானுக்குத் துணையாக நானும் சொட்டுக்கூடத் தொடுவதில்லை என்று எழுந்து நின்று விலாவாரியாகப் பேசினேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். தன் மகனுக்காக வந்திருந்த டாக்சிக்காரர் ஒருவர் மட்டும் கேட்டார், "நீங்க யார்கூடக் குடிப்பீங்க?"

"அத்தான்கூடத்தான்."

"சரி, உக்காருங்க" என்றார்.

உண்மையைச் சொன்னால், எனக்குக் குடிமேல் பெரிய ஆசை கிடையாது. ஒரு கிளாஸிலேயே தூங்கிவிடுகிற ஜாதி. எனக்கு ஆசை சனிக்கிழமைச் சாயங்காலங்கள்மேல்தான். வாரக் கணக்கை முடித்து, மரத்தூளைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, கவிழ்த்த பெட்டிகளில் எதிரெதிரே உட்காருவோம். தன் இரண்டாவது கிளாஸில் அத்தான் நடித்துக்காட்ட ஆரம்பிப்பார். அந்த வாரம் வந்த வாடிக்கையாளர் எல்லோரும் ஒவ்வொருவராக உள்ளே நுழைவார்கள். நாற்காலியின் காலைத் தட்டித் தட்டிப் பார்க்கும் வக்கீல் வருவார். கட்டிலை அளக்க வந்து புருஷனையும் சேர்த்து அளந்த அம்மா வருவாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். நாலாவது கிளாஸுக்குப் பிறகு நடப்பதை அக்கா பார்த்துக்கொள்வாள். நான் அதற்குள் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். அவர் இல்லத்தில் இருந்தபோது பட்டறையில் ரம்பச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. திரும்பி வந்த அத்தான் நல்லவராக இருந்தார், அமைதியாக இருந்தார். அக்கா முகம் தெளிந்திருந்தது. ஆனால் அந்த வக்கீலும் அம்மாவும் எங்கே போனார்கள் என்று யாரிடம் கேட்பது?

பிற்பகலில் பல் டாக்டரம்மாவே வந்துவிட்டார். மேசையில் பாதி கருஞ்சிவப்பு, பாதி வெள்ளை.

"இது என்ன, இங்கே மட்டும் சொத்தை மாதிரி?"

"முதல் பூச்சு அப்படித்தான் இருக்கும் டாக்டர்" என்றேன் நான்.

"கலவை தப்பாயிடுச்சும்மா" என்றார் அத்தான். "எடுத்துட்டு மறுபடி போடறேன். நாளைக்கு ஒரு நாள் கூட ஆகும்."

டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அவரை ஒரு பார்வை பார்த்தார். "சரி, நாளன்னைக்கு வண்டி அனுப்பறேன்" என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கார் சத்தம் தெருமுனை திரும்பும்வரை அத்தான் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து, மேசையின் இழுப்பறையை மெல்ல இழுத்தார்.

"வாயை நல்லாத் திறங்க," என்றார். டாக்டரம்மாவின் அதே குரல், மூக்கால் பேசுகிற அதே பேச்சு. "இன்னும் கொஞ்சம். ஐயோ, உள்ளே இவ்வளவு ஈரம் எப்படி வந்துச்சு? யார் ஊத்துனது, உங்க மாப்பிள்ளையா? பயப்படாதீங்க, முதல்ல அவரைப் புடுங்கி எடுத்துடலாம்."

நான் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிளாஸ் இல்லாமல், வெறும் வாயோடு, டாக்டரம்மா அப்படியே உள்ளே வந்துவிட்டார். அத்தானும் சிரித்தார். பின்பக்கக் கதவு வழியாக மஞ்சள் வெயில் மரத்தூள்மேல் விழுந்திருந்தது. பக்கத்துத் தையல்காரர் கடையை எடுத்துவைக்கிற சத்தம் கேட்டது. வேலை முடிகிற நேரம். நான் ஒரு பெட்டியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"பழையபடி ஆயிட்டீங்க அத்தான்."

அவர் சிரிப்பு நின்றது. துணி உருண்டையை எடுத்து மறுபடி தேய்க்கத் தொடங்கினார். கை அழகாகச் சுழன்றது, நடுங்கவில்லை, மறக்கவும் இல்லை. ஆனால் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். உப்புத்தாளை எடுன்னு சொல்லாதீங்க" என்றேன். "இந்த வாசனையில உங்களுக்குக் குடிக்கணும்னு தோணுதா?"

"வாசனையில தோணலை. இது வேலை வாசனை. நீ அந்த டின்ல குளத்தையே கொண்டுவந்து ஊத்தியிருந்தாலும் ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது."

"அப்ப தோணவே இல்லையா?"

இரண்டு மூன்று வட்டம் தேய்த்தார். பிறகு உருண்டையை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"தோணுது. உன்னைப் பாத்தாத் தோணுது மாப்ளே. வேலை முடியற நேரத்துல நீ இப்படி வந்து பக்கத்துல உக்காந்தா தோணுது. நீ சிரிச்சா இன்னும் ஜாஸ்தியாத் தோணுது. இப்பக்கூடத் தோணுது."

நான் உட்கார்ந்திருந்த பெட்டியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினேன்.

"உன்மேல கோபம் இல்லை. நீ இல்லைன்னா இந்தப் பட்டறையும் இல்லை, நானும் எங்கேயாவது கிடந்திருப்பேன்" என்றார். "பகல்ல என்கூட இரு. வேலை பாரு, வம்பு பேசு, எதுலயும் எதையும் கலக்காம இரு. சாயங்காலம் மட்டும் எனக்கு முன்னாடி கிளம்பிடு. உங்கக்கா வந்து என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா. எப்ப கூட உக்காரலாம்னு நானே சொல்றேன். கண்டிப்பா சொல்றேன். இன்னைக்கு நீ கிளம்பு."