பேப்பர்காரருக்குப் பொன்னாடை

பெண்கள் பக்கத்துக் கதவைத் திறந்ததும் சைதூன் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போய், ஆண்களையும் பெண்களையும் பிரிக்கிற மரத்தட்டியின் ஓரமாக இடம் பிடித்தாள். அங்கிருந்து பார்த்தால் திரை பாதிதான் தெரியும். தெரியாவிட்டால் என்ன, அவள் படம் பார்க்கவா வந்தாள்? தட்டிக்கு அந்தப்புறம், முன்வரிசை நாற்காலியில் பவுல்ராஜ் வந்து உட்காருவது தெரிந்தால் போதும். கூட வந்த கருப்பம்மாள், இங்கே உட்கார்ந்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும், நடுவில் போய்விடலாம் என்று கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். சைதூன் அசையவில்லை. சாணார்பட்டிப் பக்கமிருந்து காய்கறி கொண்டுவந்து பேகம்பூர்த் தெருக்களில் கூவி விற்கிறவள் கருப்பம்மாள். பேரம் பேசுகிறவர்களோடு மல்லுக்கட்டிப் பழகியவளுக்குத் தெரியும், யார் இறங்கி வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நாளைக்குத் தெரு முழுக்க இதே பேச்சாகத்தான் இருக்கும். புருஷன் மவுத்தாகி நாலு மாதத் துக்கம், இத்தா முடிந்த கையோடு மேட்னி ஷோவுக்குப் போய்விட்டாள் என்பார்கள். சொல்லட்டுமே. குடிகாரன் பெண்டாட்டி என்று கூசாமல் சொன்ன வாய்களுக்கு இது ஒரு பாரமா? சைதூன் துப்பட்டியை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டாள். உள்ளே அவளுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் ஜெகபர் அலி குடித்தவனே இல்லை. ஊர் ரோட்டில் இருக்கிற ஒரு தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்பிலும் ஊறல் தண்ணீரிலும் நாளெல்லாம் நின்று வேலை பார்த்தவன். அந்த நாற்றமெல்லாம் அவனுக்குப் பழகிவிட்டது. ஆனால் சாராய வாடை மட்டும் ஆகாது. யாராவது திருட்டுச் சாராயம் குடித்துவிட்டு எதிரே வந்தால் தெருவின் அந்த ஓரத்துக்குப் போய்விடுவான். அப்பேர்ப்பட்ட மனுஷன். மாசி மாதத்தில் ஒருநாள், வெகுநாளாக மூடிக்கிடந்த பழைய தொட்டியில் கசடு அள்ளுவதற்காகக் கூட வேலை பார்க்கிற சுருளிவேலை இறக்கினார்கள். இறங்கியவன் மூச்சடைத்து மடங்கி விழுந்துவிட்டான். மேலே நின்றவர்கள் எல்லாம் கூச்சல் போட்டார்களே தவிர, ஒருத்தனும் இறங்கவில்லை. ஜெகபர்தான் தலைத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு குதித்தான். சுருளிவேலை இடுப்பைப் பிடித்துத் தூக்கி மேலே கொடுத்தான். அப்புறம் அவனைத் தூக்கிவிட ஆளில்லை. கயிறு கட்டி எடுக்கும்போது உயிர் போயிருந்தது.

இதைச் சைதூனிடம் சொன்னவனே சுருளிவேல்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவள் வீட்டு வாசலுக்கு வந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஆனால் அதோடு சரி. ஷாப்பில் அவனைக் கூப்பிட்டு என்ன சொன்னார்களோ, மறுவாரமே கன்னிவாடிப் பக்கம் மாமனார் ஊருக்குப் போய்விட்டான்.

மையத்து எடுத்து அடக்கம் செய்த மறுநாள் காலையில் பேப்பர் வந்தது. டீக்கடையில் ஒருவர் உரக்க வாசிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள், அதுதான் அந்தத் தெருவுக்குச் செய்தி. சைதூன் வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம்தான் டீக்கடை. உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தவளின் காதில் தெளிவாக விழுந்தது. குடிபோதையில் தோல் தொட்டியில் தவறி விழுந்து தொழிலாளி சாவு. பெயரைப் போட்டிருந்தார்கள். வயதைப் போட்டிருந்தார்கள். தெருவின் பெயரைக்கூட விடவில்லை. வாசித்தவர் நடுவில் நிறுத்தி, "நம்ம ஜெகபரா?" என்று கேட்டார். கண்ணாடிக் கிளாஸ்களைக் கழுவுகிற சத்தம்தான் கேட்டது. மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வரவேண்டியவர்களில் பாதிப் பேர் வரவில்லை.

எழுந்து போய் அந்தப் பேப்பர்காரனைச் சட்டையைப் பிடித்துக் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு உடம்பெல்லாம் பறந்தது. எப்படிப் போவாள்? இத்தாவில் இருக்கிறவள் நான்கு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்டக்கூடாது. கூடப்பிறந்த அண்ணனை அனுப்பினாள். அவனும் அதே ஷாப்பில்தான் தோல் எடை போடுகிறான். பேப்பர் ஏஜெண்டு கடை வரைக்கும் போனான், எதிர்க்கடையில் ஒரு டீ குடித்தான், திரும்பி வந்து, அவர் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டான். பொய் சொல்லும்போது அவன் தரையைப் பார்ப்பான் என்பது சைதூனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவள் வீட்டுக்குள் அடைந்துகிடந்த அத்தனை நாளும் பேப்பரில் வந்த பொய் மட்டும் ஊரெல்லாம் காலாற நடந்தது. வத்தலக்குண்டில் மகள் கமர்ஜஹானுக்குப் பேசி வைத்திருந்த இடம் உண்டு. ஃபாத்திஹா ஓதிச் சர்க்கரை மாற்றின சம்பந்தம். அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஆள்மூலம் சொல்லியனுப்பினார், பேப்பரிலேயே வந்துவிட்டது, நாங்கள் நாலு பேருக்கு என்ன பதில் சொல்வது என்று. அத்தாவைப் பறிகொடுத்த பெண், அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நிற்பதையே விட்டுவிட்டாள்.

இத்தா முடிந்த மறுநாளே சைதூன் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த ஏஜெண்டு கடைக்குப் போனாள். மதுரைப் பேப்பருக்கு அந்த ஊரில் ஏஜெண்டும் பவுல்ராஜ்தான், நிருபரும் பவுல்ராஜ்தான், விளம்பரம் வாங்கித் தருகிறவரும் பவுல்ராஜ்தான். அவர் செய்தியைத் தேடிப் போகிறதில்லை. செய்தி அவர் கடைக்கு நடந்து வரும். போலீஸ்காரர் வந்து ஒன்று சொல்வார், மில் கிளார்க்கு வந்து ஒன்று சொல்வார், அதை எழுதிக் கவரில் போட்டுச் சாயங்கால பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தால் மறுநாள் அச்சில் வந்துவிடும். ஜெகபர் சாவையும் ஷாப்பு மானேஜர்தான் வந்து சொல்லியிருக்கிறார். தீபாவளி மலருக்கு முழுப்பக்க விளம்பரம் தருகிற ஷாப்பு. இதையெல்லாம் பவுல்ராஜ் ஒளிக்கவே இல்லை. வந்தவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கலர் சோடா வாங்கி வரட்டுமா என்று கேட்டு, பதமாகத்தான் பேசினார். அதுதான் சைதூனுக்கு இன்னும் எரிச்சல்.

"அண்ணே, நீங்க வந்து பாத்தீகளா?" என்று கேட்டாள்.

"எல்லா எடத்துக்கும் போயிப் பாத்துத்தான் எழுதணும்னா பேப்பர் எப்பிடித் தாயி வெளிய வரும்?"

"அப்ப, பாக்காம எழுதிட்டோம்னு எழுதுங்க. அதே எடத்துல."

பவுல்ராஜ் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, குழந்தையிடம் சிரிக்கிற சிரிப்பு. மறுப்புப் போடுவதென்றால் அன்றைக்கே வந்திருக்க வேண்டும், நாலு மாதம் கழித்து வந்து நின்றால் ஆபீசில் என்னைத்தான் காறித் துப்புவார்கள் என்றார். இத்தாவில் இருந்தேன் என்று சைதூன் சொன்னாள்.

"அதுக்குப் பேப்பர் என்னம்மா பண்ணும்?" என்றார். "இதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா. மறுநாளே அதுல வடை மடிச்சிருப்பாங்க."

அவள் எழுந்து வந்தாள். வழியெல்லாம் அந்த வடைதான் தொண்டையில் அடைத்துக்கொண்டு நின்றது.

அதற்கு அடுத்த வாரம் கொட்டகைக்காரரின் விளம்பர வண்டி தெருவுக்குள் வந்தது. இருபத்தைந்தாவது நாள் விழா, பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் வீரக்கதை, ஞாயிறு மேட்னியில் நமதூர் நிருபர் பவுல்ராஜ் அவர்களுக்குப் பொன்னாடை என்று மைக்கில் கத்திக்கொண்டே போனார்கள். கருப்பம்மாள் அந்தப் படத்தை ஏற்கனவே இரண்டு தடவை பார்த்திருந்தாள். கத்திரிக்காயை எடை போட்டுக்கொண்டே கதையைச் சொன்னாள். ஒரு மில் முதலாளி, தொழிலாளி சாவை மூடி மறைக்கச் சொல்லிப் பேப்பர்காரனுக்குப் பெட்டி நிறையப் பணம் கொண்டுவந்து வைக்கிறான், அவன் உதைத்துத் தள்ளுகிறான், உண்மையைத்தான் போடுவேன் என்று ஜெயிலுக்கே போகிறான், கொட்டகையே அழுகிறது என்றாள். சைதூன் கத்திரிக்காயை முந்தானையில் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போ என்றாள். கருப்பம்மாள் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தாள்.

படம் ஓடியது. கருப்பம்மாள் சொன்னது பொய்யில்லை, கொட்டகை அழத்தான் செய்தது. படத்தில் ஒரு மில் தொழிலாளியின் பெண்டாட்டி பேப்பர் ஆபீஸ் வாசலில் வந்து விழுகிறாள். கதாநாயகன் எழுந்து நின்று அவளுக்குக் கை கூப்புகிறான். உன் புருஷன் பேருக்கு நான் பொறுப்பு அம்மா என்கிறான். தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. தட்டிக்கு அந்தப்புறம் பார்த்தாள். பவுல்ராஜ் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடிப்பில்லை. மூக்கு சிவந்திருந்தது, உதடு துடித்தது. அந்த மனுஷன் உண்மையாகவே அழுதார். கடையில் வைத்துக் கேட்டபோது ஒரு சொட்டு வரவில்லையே, அந்தக் கண்ணீரெல்லாம் இவ்வளவு நாளும் எங்கே இருந்தது? யார் யாரோ எழுதிக்கொடுத்த கதையில் வருகிற ஒருத்திக்காக அழுகிறான், நிஜக்காரியை வடை மடிக்கக் கொடுத்துவிட்டான் என்று சைதூன் வாய்க்குள்ளேயே சொன்னாள். கருப்பம்மாள் அவள் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

இடைவேளை விட்டதும் திரைக்கு முன்னாலிருந்த மேடையில் மைக் வைத்தார்கள். கொட்டகை முதலாளி பேசினார். நம்ம பவுல்ராஜும் இந்தப் படத்துக் கதாநாயகன் மாதிரிதான், உண்மைக்குப் பயப்படுகிறவரே தவிர ஊருக்குப் பயப்படமாட்டார் என்றார். சரிகை போட்ட பொன்னாடையைப் போர்த்தினார்கள். கைதட்டல். பவுல்ராஜ் மைக்கைப் பிடித்தார். எழுத்து ஒரு தவம் என்று ஆரம்பித்தார். பேனா பிடித்த கை பொய் எழுதினால் அந்தக் கை அழுகிப்போகட்டும் என்றார்.

அதற்கு மேல் சைதூனால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. தட்டியின் ஓரத்தில் கூட்டிப் பெருக்குகிறவர்கள் போய்வரச் சின்னத் திறப்பு ஒன்று இருந்தது. அதில் நுழைந்து ஆண்கள் பக்கம் போனாள். துப்பட்டி போட்ட பெண் ஒருத்தி நடுவில் நடந்து வருவதைப் பார்த்துத் தரை டிக்கெட்டே வழிவிட்டது. ஏதோ மாலை போட வருகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். பவுல்ராஜும் முதலில் அப்படித்தான் நினைத்துப் புன்னகைத்தார். மேடைப்படி ஏறிப் பக்கத்தில் வந்து துப்பட்டியை நெற்றியிலிருந்து விலக்கியதும்தான் யாரென்று தெரிந்தது.

அவள் சத்தம் போடவில்லை. வீட்டில் பேசுகிற குரலில்தான் கேட்டாள்.

"அண்ணே, கமரு அத்தா குடிச்சிருந்தாகளா? நீங்க பாத்தீகளா? இம்புட்டுச் சனம் இருக்கு. பாத்தேன், பாக்கல, ரெண்டுல ஒண்ணு இந்த மைக்குல சொல்லிருங்க. நான் போயிடுறேன்."

பவுல்ராஜின் கை சட்டென்று மேலே போய் மைக்கைப் பொத்தியது. அது யோசித்துச் செய்ததில்லை, கை தானாகச் செய்தது. அதனால் அவள் கேட்டது முன்வரிசைக்கு மட்டும்தான் விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் என்ன, என்ன என்று கேட்டார்கள். பவுல்ராஜ் குனிந்து, கீழே போம்மா, நாளைக்குக் கடைக்கு வா, பேசிக்கலாம் என்று கிசுகிசுத்தார். கடைக்கு வந்தேனே என்றாள் சைதூன். கொட்டகை முதலாளி மேலே ஆப்பரேட்டர் அறையைப் பார்த்து, போடு போடு என்று கையை ஆட்டினார்.

விளக்கு அணைந்தது. படம் ஓட ஆரம்பித்தது. தரை டிக்கெட்டில் சிலர் மறைக்குது, இறங்கு என்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து கருப்பம்மாளின் குரல் கேட்டது, தெருத்தெருவாகக் காய் விற்ற குரல். "அது என்ன கேட்டுச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமாய்யா? நான் சொல்றேன் கேளுங்க." அவள் சொல்லச் சொல்ல, கத்தியவர்களின் சத்தம் ஓரம் ஓரமாக அடங்கிக்கொண்டே வந்தது.

சைதூன் இறங்கவில்லை. திரையில் விழவேண்டிய படம் அவளுடைய வெள்ளைத் துப்பட்டியில் விழுந்தது. கதாநாயகனின் முகம் அவள் தோளில் வளைந்து தெரிந்தது, அவன் வாய் அவள் நெஞ்சில் அசைந்தது, அச்சு இயந்திரத்திலிருந்து பேப்பர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அவள் மேல் கொட்டிக்கொண்டேயிருந்தன. கண் கூசினாலும் அவள் இமைக்காமல் பக்கத்தில் நின்றவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னாடை ஒரு பக்கம் நழுவித் தரையில் கிடந்தது. பவுல்ராஜின் கை இன்னும் மைக்கின் மேலேயே இருந்தது.